ஜாடியில் எத்தனை கார்க்கு?

திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதற்கு அடுத்த 94ஆம் அதிகாரம் சூது. இரண்டு அதிகாரங்களையும் ஒரே மாலையில் மீறிவிட்டு வீடு திரும்பியவன் என்று என் மீது ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. சாட்டியவர் என் மனைவி. முதலாவதில் நான் நிரபராதி. ஆரஞ்சுச் சாறுதான் குடித்தேன். இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆனேக்கல் பக்கம் இப்போது எங்கு பார்த்தாலும் லேஅவுட். பட்டுத்தறிச் சத்தமும் ரோஜாத் தோட்டமுமாக இருந்த ஊர். அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் கேட்கும். எங்கள் லேஅவுட்டில் ஒயின் பிரியர்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், கோவாக்காரக் குடும்பம் ஒன்று, கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள், நம் தமிழர் இரண்டு வீடு. குடிப்பதைவிடக் குடித்ததைப் பற்றிப் பேசுவதில்தான் அவர்களுக்கு ஆர்வம் அதிகம் என்பது என் கணிப்பு. பாட்டிலைத் திறந்த கார்க்கை யாரும் எறிவதில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில் ஐந்து வருடமாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். போன தீபாவளிக்குப் பிறகு வந்த கூட்டத்தில் கேன் கழுத்துவரை வந்துவிட்டது. 'உள்ளே எத்தனை என்று சொல்பவருக்கு ஒரு பாட்டில்' என்று வீட்டுக்காரர் அறிவித்தார். பந்தயப் பணம் கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்தது.

போட்டியைச் சொல்லுமுன் கார்க்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஞ்சினியர்களுக்கு அது பிடித்துப்போகிற பொருள். மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை அது. மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். நட்டு ஏறத்தாழ 25 வருடம் ஆன பிறகுதான் முதல் உரிப்பு. அதற்குப் பிறகு ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை. முதல் இரண்டு உரிப்பில் வரும் பட்டை பாட்டில் மூடிக்கு ஆகாது. மூன்றாவதில்தான் ஆகும் என்றால், தாத்தா நட்ட மரத்தில் பேரன் மூடி செய்கிறான் என்று அர்த்தம். உலகத்துக் கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது. 1665இல் ராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கியில் கார்க்குச் சீவலை வைத்துப் பார்த்து, சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்ததால் 'செல்' என்று பெயர் வைத்தார். உயிரியல் பாடத்தில் நாம் படித்த செல் அங்கிருந்து வந்ததுதான். ரப்பரை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும். கார்க்கு அப்படிப் பிதுங்காது, உள்ளுக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும். அதனால்தான் 24 மில்லிமீட்டர் கனமுள்ள கார்க்கை அதைவிடக் குறுகிய பாட்டில் கழுத்தில் திணிக்க முடிகிறது. டிரான்ஸ்பார்மர் மூடிக்கு அடியில் கார்க்கும் ரப்பரும் கலந்த வளையம் வைப்பதும் இந்தக் குணத்துக்காகத்தான்.

இதே கார்க்குக்கு ஒரு நோயும் உண்டு. சில கார்க்குகளில் இருக்கும் ஒரு ரசாயனம் ஒயினை நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடிக்கச் செய்துவிடும். அந்த ரசாயனம் இன்னதென்று 1981இல் கண்டுபிடித்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் திருகு மூடிக்கு மாறத் தொடங்கினார்கள். நம் நாட்டு ஒயின்களிலும் திருகு மூடி வந்துவிட்டது. பெங்களூருக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. நந்தி மலைப் பக்கம் தொட்டபள்ளாப்பூரில் 1988இல் குரோவர் குடும்பத்தார் ஒயினுக்கென்றே திராட்சைத் தோட்டம் போட்டார்கள். 2007இல் கர்நாடக அரசு ஒயினுக்குத் தனிக் கொள்கையே வகுத்தது. நாம் ஜூஸ் கடையில் குடிக்கும் பெங்களூர் புளூ திராட்சை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. திருகு மூடி விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போட்டியில் அது வேலை செய்தது.

இனி என் கணக்கு. ரயில்வேயில் நிரந்தர வழிப் பிரிவில் இருந்தவனுக்குக் குவியலைக் கண்டால் கை அரிக்கும். ஜல்லி அளந்து அளந்து பழகிய கண். தண்டவாளத்துக்குப் போடும் 65 மில்லிமீட்டர் ஜல்லியைக் கொட்டினால் குவியலில் பத்தில் நாலு பங்குக்கு மேல் வெறும் காற்றுதான். கார்க்கும் கொட்டிய பொருள்தான், உருளை வடிவம் என்பதுதான் வித்தியாசம். காற்றுக்கு நூற்றுக்கு 42 என்று வைத்தேன். கேனில் கழுத்தை விட்டுவிட்டால் சுமார் 18 லிட்டர். பிடுங்கிய கார்க்கு இருபத்திரண்டரை மில்லிமீட்டர் கனம், 44 மில்லிமீட்டர் நீளம் என்றால் ஒன்று பதினேழரைக் கன சென்டிமீட்டர். பெருக்கி வகுத்தால் 597. கைக்குட்டைக்கு அடியில் மறைத்துக்கொண்டு உள்ளங்கையில் எழுதினேன்: 600.

வீட்டுக்காரர் வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். மரியாதைக்கு மூத்தவரில் இருந்து தொடக்கம். விமானப்படைக்காரர் கேனை ஒரு பார்வை பார்த்து, 'ஆயிரம், ஒன்று கூடக் குறையாது' என்றார். என்ன குரல் அது! அடுத்தவர் 950. அதற்கடுத்தவர் 1,100. ஒரு அம்மாள் 1,050. கம்ப்யூட்டர் பையன் ஒருவன் கொஞ்சம் தைரியமாக 900 என்றான். என் முறை வந்தது. உள்ளங்கையில் 600 இருந்தது. வாயில் வந்தது 850.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு வெட்கம். யாரும் என்னை மிரட்டவில்லை. தோற்றால் போவது ஒரு பைசா இல்லை. ஜெயித்தால் வரும் பாட்டிலை நான் தொடப்போவதும் இல்லை. ஆனாலும் ஆயிரங்களுக்கு நடுவே அறுநூறு என்று சொல்ல நாக்கு எழவில்லை. 'இத்தனை பேர் சொல்லும்போது நம் கணக்கில் எங்கேயோ பிசகு இருக்கும்' என்று மனசு தானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டது.

விரிப்பில் கொட்டிப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார்கள். 634. பரிசு யாருக்கு என்று பார்த்தால் எனக்கே! எல்லாரையும்விடக் குறைவாகச் சொன்னவன் நான்தான். 216 தப்பாகச் சொன்னவனுக்குக் கைத்தட்டல். பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

எண்ணி முடித்த பிறகுதான் வேடிக்கையே. ஆளுக்கு ஒன்றாக உண்மை வெளியே வந்தது. 'கடந்த ரெண்டு வருஷமா பாதி பாட்டில் திருகு மூடிதானே, அதை நினைச்சேன், ஆனா சொல்லலை' என்றார் கோவாக்காரர். அந்த வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படகு செய்யக் கேனில் இருந்து ஒரு பை நிறைய எடுத்துப்போனதைச் சொன்னான். சமையல் செய்யும் அம்மாவுக்கு ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் எத்தனை பாட்டில் வெளியே போகிறது என்று துல்லியமாகத் தெரியும். அவரை யாரும் கேட்கவே இல்லை. எனக்குக் காற்றின் கணக்குத் தெரியும். ஆக அந்த அறையில் விடை இருந்தது. துண்டு துண்டாக நாலைந்து பேரிடம் இருந்தது. முதலில் பேசியவரின் குரல் அத்தனையையும் அமுக்கிவிட்டது. அவர் மேல் குற்றமில்லை. முதலில் கேட்டார்கள், சொன்னார்.

இது எனக்கு முதல் அனுபவம் இல்லை. அதனால்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. வேலையில் இருந்தபோது ஒரு யார்டில் பாயிண்ட் மாற்றும் வேலை. பழைய மரக்கட்டை ஸ்லீப்பரை எடுத்துவிட்டுக் கான்கிரீட் ஸ்லீப்பர் போட்ட புதுப் பாயிண்ட் வைக்க வேண்டும். போக்குவரத்தை நிறுத்தி எத்தனை மணி நேர பிளாக் கேட்பது என்று முந்தின நாள் கூட்டம். மேலதிகாரி நாற்காலியில் உட்காரும்போதே 'மூணு மணி நேரம் போதும் இல்லையா?' என்றார். போதும் சார், போதும் சார் என்று வரிசையாகத் தலைகள் ஆடின. என் நோட்டில் நாலரை என்று எழுதியிருந்தேன். நானும் ஆட்டினேன். மறுநாள் முடிய ஐந்து மணி இருபது நிமிடம் ஆனது. எங்கள் பாஷையில் 'பிளாக் பர்ஸ்ட்'. அடுத்த ஸ்டேஷனில் ஒரு பாசஞ்சர் வண்டி வெயிலில் நின்றது. அங்கே குழாயில் தண்ணீர் இல்லை. டிராலியில் அந்தப் பக்கம் போன என்னிடம், கைக்குழந்தையோடு ஒரு பெண் ஜன்னல் வழியாக, 'அண்ணா, எப்ப எடுப்பாங்க?' என்று கேட்டாள். 'இதோ' என்று சொல்லிவிட்டுப் போனேன். அதுவும் பொய்தான்.

சாயங்காலம் கேங் மேட் என் பக்கத்தில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தார். முப்பது வருடம் தண்டவாளத்தோடு கிடந்தவர். 'அஞ்சு மணி நேரம் ஆவும்னு எனக்குத் தெரியும் சார். அடியில பழைய ஜல்லி இறுகிப்போய்க் கெடக்கு, கடப்பாரை போவாது. யாரும் என்னக் கேக்கலையே.' நாலரை எழுதி வைத்திருந்த நோட்டு என் சட்டைப்பையில் இருந்தது. அவர் கேட்கப்படவில்லை. நான் கேட்கப்பட்டும் சொல்லவில்லை. யார் தப்பு பெரிது என்று வாசகர்களே முடிவு செய்யலாம்.

இப்போது இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1906இல் பிளிமத் நகரில் ஒரு கால்நடைச் சந்தை. கொழுத்த மாடு ஒன்றைக் காட்டி, அறுத்துத் துப்புரவு செய்த பிறகு எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஆறு பென்னி கொடுத்துச் சீட்டு வாங்கி எண்ணை எழுதிப் போட வேண்டும். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் அந்தச் சீட்டுகளைக் கேட்டு வாங்கினார். மனிதர்களில் உயர்ந்த பிறப்பு தாழ்ந்த பிறப்பு என்று தரம் பிரிக்கப் பார்த்தவர் அவர். அந்தக் கொள்கையால் பின்னால் உலகத்தில் விளைந்த கேடு கொஞ்சமில்லை. பொதுமக்களின் புத்தியில் பெரிய நம்பிக்கை இல்லாத மனிதர். படிக்க முடிந்த 787 சீட்டுகளையும் ஏறுவரிசையில் அடுக்கி நட்டநடுவில் இருந்ததை எடுத்துப் பார்த்தார். 1,207 பவுண்டு. மாட்டின் உண்மை எடை 1,198. நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பு இல்லை. 1907இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். தான் நம்பாததைக் கணக்குக் காட்டியதும் மறைக்காமல் எழுதினாரே, அந்த ஒன்றுக்காக அவரை மதிக்கிறேன்.

ஜாடிப் பரிசோதனையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜாக் டிரெய்னர் என்ற பொருளாதார அறிஞர் தம் வகுப்பில் மிட்டாய் ஜாடி ஒன்றை வைத்தார். உள்ளே 850 மிட்டாய். 56 மாணவர்கள் எழுதிய எண்களின் சராசரி 871. அந்தச் சராசரியைவிடச் சரியாகச் சொன்னவன் 56 பேரில் ஒரே ஒருவன். 1987இல் இதைக் கட்டுரையாக எழுதினார். இதில் எனக்குச் சுவையாகப் பட்டது இன்னொன்று. வேறொரு முறை அவர் மாணவர்களிடம், 'மேலே காற்று இடைவெளி இருக்கிறது, ஜாடியின் கனத்தையும் பாருங்கள்' என்று யோசனை சொன்னாராம். சராசரி இன்னும் கெட்டுப்போனது! யோசனை உண்மையானதுதான். ஆனால் எல்லாரையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டது. எங்கள் காலத்தில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் அதிகாரிகள் தரும் யோசனைகள் நினைவுக்கு வந்தன. போகட்டும்.

ஏன் சரியாக வருகிறது என்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒருவர் மேலே தப்புகிறார், ஒருவர் கீழே தப்புகிறார். தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, அவரவருக்குத் தெரிந்த துளி உண்மை மிஞ்சுகிறது. தப்புகள் எல்லாம் ஒரே திசையில் போனால் அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. 2011இல் சூரிச் நகரில் 144 மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள். மற்றவர்கள் சொன்ன எண்ணைக் காட்டிவிட்டு மறுபடி ஊகிக்கச் சொன்னபோது எண்கள் நெருங்கி வந்தன, ஆனால் உண்மையை நெருங்கவில்லை. அதைவிட மோசம், எல்லாரும் ஒன்றாகச் சொல்வதால் 'நாம் சரி' என்ற தைரியம் மட்டும் கூடியது. தலையாட்டும் கூட்டங்களில் நாம் காணும் அதே திருப்தி.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்தில் நானே ஒரு கோரிக்கை வைத்தேன். வாய் திறக்கக் கூடாது, சீட்டில் எழுத வேண்டும். சமையல்கார அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சீட்டு உண்டு. வீட்டுக்காரர் பழைய பெட்டிக்கடைப் பிஸ்கட் ஜாடி ஒன்றில் கார்க்கை நிரப்பி எண்ணிக்கையைத் தன்னோடு வைத்துக்கொண்டார். 22 சீட்டு விழுந்தது. சராசரி 158. வரிசையாக அடுக்கி நடுவில் பார்த்தால் 150. உண்மை 143. ஒரு வாண்டு 400 என்று எழுதிச் சராசரியை மேலே தூக்கிவிட்டது. கால்டன் நடு எண்ணைப் பிடித்துக்கொண்டதன் காரணம் அப்போது எல்லாருக்கும் விளங்கியது. பரிசு ஒரு கம்ப்யூட்டர் பெண்ணுக்குப் போனது, 141 எழுதியிருந்தாள். முதல் கூட்டத்தில் வாயே திறக்காமல் 'பாஸ்' என்று சொல்லி நழுவியவள். சமையல்கார அம்மா 155. நான் 165 எழுதிக் கோட்டைவிட்டேன். ஆனால் அன்றைக்கு எழுதியது என் எண்.

ஒரு ஊஞ்சல் பலகையில் நடந்த விளையாட்டை வைத்து உலகத்துக்கே சட்டம் சொல்கிறாயே என்று கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன், எல்லாக் கேள்விக்கும் இது பொருந்தாது. எவருக்குமே எதுவும் தெரியாத விஷயத்தில் நூறு பேரின் சராசரியும் பூஜ்யம்தான். பாலம் எத்தனை டன் தாங்கும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க எந்த எஞ்சினியரும் ஒப்பமாட்டான். அதற்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும், எத்தனை பேர் வருவார்கள் என்ற மாதிரிக் கேள்விகளில் ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். அங்கேதான் இது உதவும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சாலையோரப் புளியமரங்களைக் குத்தகை ஏலம் விடும்போது வியாபாரிகள் கண் மதிப்பாகவே காய்ப்பைச் சொல்லிவிடுவார்கள். ஏலம் தொடங்கும் வரை ஒருவர் மதிப்பை மற்றவரிடம் சொல்லமாட்டார்கள். அவர்களுக்குக் கால்டனைத் தெரியாது, தொழிலைத் தெரியும்.

'இது சூது இல்லையா?' என்ற என் மனைவியின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2003இலும் கர்நாடகத்தில் 2007இலும் லாட்டரியை ஒழித்தார்கள். நல்ல காரியம். கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போனவர்களை எங்கள் கேங்கிலேயே பார்த்திருக்கிறேன். அங்கே எண்ணுவதற்கோ அளப்பதற்கோ ஒன்றும் இல்லை. பணம் போகும், அவ்வளவுதான். கார்க்கு ஜாடியில் பணமும் இல்லை, பார்க்கவும் யோசிக்கவும் பொருள் கண்ணெதிரே இருக்கிறது. சூதும் ஊகக் கணக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு என்றாலும் வாசல் வேறு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். நளன் கதையைப் பாருங்கள். சூதில் நாட்டை இழந்து, உருமாறி, வாகுகன் என்ற பெயரில் தேரோட்டிக்கொண்டு போகிறான். தேரில் இருக்கும் அரசன் இருதுபன்னன் வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இலையும் காயும் இத்தனை என்று சொல்கிறான். மகாபாரதத்தின் வனபருவத்தில் காய் 2,095 என்று எண்ணே வருகிறது. நளன் தலையாட்டவில்லை! எண்ணிப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தேரை நிறுத்தி, மரத்தை வெட்டிச் சாய்த்து எண்ணினான். சரியாக இருந்தது. அந்த வித்தையைத் தன் குதிரை வித்தைக்கு மாற்றாகக் கற்றுக்கொண்ட பிறகுதான் கலி அவனை விட்டது. பழைய காலத்தில் சூதாடியதே தான்றிக் காயை வைத்துத்தான் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. இயன் ஹாக்கிங் என்ற தத்துவப் பேராசிரியர் நிகழ்தகவுக் கணிதம் பிறந்த வரலாற்றைப் பற்றி 1975இல் எழுதிய நூலில் இந்தக் கதையைக் குறிப்பிட்டிருக்கிறார். நாம் அதைச் சனிக்கிழமை தோஷத்துக்குப் படித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம்.

மேடைக்கு மேடை நாம் பெருமையோடு சொல்லும் குடவோலை இன்னொன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை. அது வாக்கெடுப்பு அல்ல, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்லும் குலுக்கல். இதை வாக்குரிமை என்று மேடையில் முழங்குபவர்களோடு நான் பலமுறை வாதாடித் தோற்றிருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். ஓங்கிய குரல் உள்ளவனைப் பார்த்து மற்றவர்கள் தலையாட்டும் சபையாக அது இருந்துவிடக் கூடாது என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே யாரோ யோசித்திருக்கிறார்கள். ஓலைக்குக் குரல் கிடையாது.

அப்படிப்பட்டவர்களின் வாரிசுகளான நாம் கூட்டம் நடத்தும் அழகைச் சொல்லியாக வேண்டும். நான் பழகிய ஒரு சங்கத்தில் (இந்தச் சங்கம் என்று நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை) ஆண்டு விழாவுக்கு எத்தனை இலை என்று பேச்சு வந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே 'முந்நூறு போதுமே' என்றார். போதும், போதும். புது உறுப்பினர்களைச் சேர்த்தவருக்கு எண்பது குடும்பம் கூடியிருப்பது தெரியும். அரங்கத்துக்காரருக்குப் பக்கத்தில் வேறு விழா இல்லாததால் கூட்டம் கூடும் என்று தெரியும். பரிமாறும் பெண்களுக்குப் போன வருடமே சாம்பார் பற்றாதது தெரியும். எல்லாரும் அந்த அறையிலேயே இருந்தார்கள். வந்தது ஐந்நூறுக்கு மேல். வெளியூரில் இருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் ரசம் சாதத்தோடு எழுந்து போனார்கள். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெரியவர், இந்த ஊருக்கு வேலை தேடி வந்த நாளில் இருந்து சந்தா கட்டுபவர், 'பரவாயில்லைப்பா, வீட்டுல மோர் இருக்கு' என்று சொல்லிவிட்டு நடந்தார். அடுத்த வருடம் அவர் சந்தா வரவில்லை. மோரைப் பற்றி யாரும் தீர்மானம் போடவில்லை.

செயற்குழுக் கூட்டத்தில் எண் சம்பந்தப்பட்ட எந்தக் கேள்விக்கும் முதலில் சீட்டு, பிறகு பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கோரிக்கை. பேசவே கூடாது என்று சொல்லவில்லை. பேச்சில்தான் காரணம் வெளிப்படும், திருகு மூடிக் கதை வெளிவந்ததும் பேச்சில்தான். ஆனால் சீட்டு விழுந்த பிறகு பேசட்டும். தலைவர் கடைசியாகப் பேசட்டும். அவருக்கும் அது ஒரு ஓய்வு. சமையல்காரரையும், நாற்காலி போடும் தம்பியையும் கூப்பிட்டு ஆளுக்கொரு சீட்டுக் கொடுக்க வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் நாலு தாள். 'எங்களுக்குள் ஒளிவு மறைவு கிடையாது, எதற்குச் சீட்டு?' என்று ஒருவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஒளிவு மறைவு இல்லாத கூட்டத்தில்தான் நான் நாலரையை மூன்றாக்கினேன்.

பொங்கல் விழாச் சாப்பாட்டுக் கணக்குக்கான கூட்டம் மார்கழி இரண்டாம் ஞாயிறு என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அந்தப் பிஸ்கட் ஜாடியை வீட்டுக்காரரிடம் இரவல் கேட்டிருக்கிறேன். கார்க்கைக் கொட்டிவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். துண்டுச் சீட்டு நான் கொண்டு வருகிறேன். பேனா அவரவர் கொண்டு வரவும்.